பிலோமினா அக்கா கண்ணைத் திறந்த படம்

கட்டிலின் மேல் பதினோரு போட்டோக்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார் பிலோமினா அக்கா. மீனை ரகம் பிரித்து வைப்பதுபோல சின்னது ஒரு பக்கம், பெரிசு ஒரு பக்கம்.

"நல்லா பாத்து சொல்லு ஐஸு. ஒண்ணுலயாவது எனக்கு கண்ணு தொறந்து கீதா?"

குனிந்து பார்த்தேன். கல்யாணப் படத்தில் முக்காட்டுக்குள் கண் மூடியிருந்தது. மகன் அந்தோணி சின்ன வயசில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்திலும் மூடியிருந்தது. தேர்த் திருவிழாவில் பன்னிரண்டு பெண்கள் நிற்கும் படத்தில் பதினோரு பேர் முழித்துப் பார்க்கிறார்கள், அக்கா மட்டும் தூங்குகிறார். ஆதார் அட்டையில் பாதி திறந்து பாதி மூடி இருந்தது. அதற்கு முழுசாக மூடியதே தேவலை.

"ஒண்ணுலயும் இல்லக்கா."

"பாத்தியா? செத்தப்புறம் மூட வேண்டிய கண்ணை ஆயுசு பூரா மூடிகினே நின்னுகீறேன். இத்துல ஒண்ண எடுத்துதான் எம்புள்ள என் கார்டுல போடப் போறான்."

எங்கள் ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளின் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இறந்து முப்பதாம் நாள் பூசை வைக்கும்போது, வந்தவர்களுக்கெல்லாம் உள்ளங்கை அளவில் ஒரு கார்டு கொடுப்பார்கள். ஒரு பக்கம் முகம், மறுபக்கம் ஜெபம். அது ஜனங்களின் ஜெபப் புத்தகத்துக்குள் வருஷக்கணக்காக இருக்கும். ஆள் போன பிறகு முகமென்று மிஞ்சுவது அந்தக் கார்டுதான்.

அக்காவுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. ஞாயிறு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். திங்கட்கிழமை ஆபரேஷன். எங்கள் பேச்சு நடந்தது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

"பயமா கீதாக்கா?"

"ஆபரேசனுக்கு இன்னா பயம்? கார்டுல கண்ண மூடிகினு இருந்தாதான் எனக்கு பேஜாரு. ஞாயித்துக்கெழமக்குள்ள ஒரே ஒரு படம். கண்ணு தொறந்து இருக்கணும். அவ்ளோதான்."

ஏன் என்னைக் கூப்பிட்டார்

வேறு யாரைக் கூப்பிடுவார்? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நான் படம் எடுக்காத கல்யாண வீடு ஒன்று இருந்தால், அங்கே கல்யாணமே நடக்கவில்லை என்று அர்த்தம். படித்தது அஞ்சாவது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். கேமராவை ஒருத்தரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃபிலிமைக் கழுவக் கற்றேன், அப்புறம் கம்ப்யூட்டரில் கழுவக் கற்றேன், எல்லாம் சொந்தப் புத்தி.

கேமராவுக்கு முன்னால், மீசை அரும்பிய வயசில், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்கா அங்கே ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். அவர் எடுத்த கூடைக்கு ஐஸ் போட்டது நான். அதனால்தான் இத்தனை பெயர் எடுத்த பிறகும் அவருக்கு நான் 'ஐஸு'.

வேலை சுலபமில்லை. ஃபிளாஷ் அடித்தால் அக்கா கண்ணை மூடிவிடுவார். பதினோரு படமும் அதற்குச் சாட்சி. முகத்துக்கு நேரே எந்தப் பெரிய விளக்கை வைத்தாலும் அதே கதைதான். என் ஸ்டூடியோவோ மாடியில். இருபத்திரண்டு படி ஏறக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் வீடோ ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத்தில் அடுத்த வீட்டுச் சுவர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் எரியும்.

"வாசலைத் தொறந்து வச்சி எடுக்கலாமாக்கா?"

"தொறந்தா சந்தே உள்ள வந்துடும். 'இன்னாத்துக்கு போட்டோ?'ன்னு கேப்பாளுங்க. ஆபரேசன் சேதி எம்புள்ளைக்கும் டாக்டருக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்."

"எனக்கும் தெரியுமே."

"நீ ஐஸு. கரைஞ்சி போயிடுவே."

ஸ்டாண்டு போட்ட திமிர்

நான் வாயால் சொல்ல ஆள் எழுதிக்கொள்ளும் இந்தப் பத்திரிகைத் தொடரில், முந்தைய வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு மணலி புதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வெளிச்சம் கம்மியான வீட்டில் ஆள் முகத்தை எடுத்தால் ஒன்று கலங்கிப் போகிறது, இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விதான் அக்காவை ஞாபகப்படுத்தியது. ஆகவே ஐயா, இது உங்களுக்கும் சேர்த்து.

இருட்டில் படம் எடுப்பவனுக்கு இரண்டு தொல்லை. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் அதற்குள் ஆள் அசைந்தால் முகம் இழுத்துப் பூசின மாதிரி ஆகிவிடும். ஷட்டரைச் சட்டென்று மூடிவிட்டு, கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றினால் முகம் கலங்காது, ஆனால் படம் முழுக்க மணல் தூவின மாதிரி புள்ளி விழும். அதைத் தொழிலில் நாய்ஸ் என்கிறார்கள். நான் மணல் என்றே சொல்வேன்.

அக்காவை எடுத்த முதல் நாள் எனக்கு மணல் பிடிக்கவில்லை. மூன்று கால் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினேன். ஷட்டரைப் பதினைந்தில் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தேன். ஸ்டாண்டு இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்று ஒரு திமிர்.

ஸ்டாண்டு கேமராவைத்தான் பிடித்து நிறுத்தும். எதிரே உட்கார்ந்திருப்பவரை எது நிறுத்தும்? அக்கா நாற்பது வருஷம் மீன் விற்றவர். வாய் பேசினால் கை பேசும், கை பேசினால் தலையும் பேசும்.

"அக்கா, ஆடாத."

"நான் எங்கடா ஆடறேன்?" என்று கேட்டார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டே.

மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பத்து எண்ணுவதற்குள் முகம் கறுத்து நெஞ்சில் கை வைத்துவிட்டார். அந்தோணி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவன், வாட்டசாட்டமான ஆள், அவனே பாதித் தண்ணீரை வரும் வழியில் கொட்டிவிட்டான். இதய நோயாளியிடம் மூச்சைப் பிடி என்று சொன்ன அறிவாளி நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் சிலதில் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் மூன்று கண் இருந்தது.

எண்ணூர்ப் பட்டறை

இப்படித் தோற்கிற ஆள் இல்லை நான். ஃபிலிம் காலத்திலேயே இதைவிடக் கஷ்டமான இருட்டைப் பார்த்தவன்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறை. லேத் ஓட்டும் பெரியவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். மிஷின் ஓடும்போது அதன் பக்கத்திலேயே தன்னை எடுக்க வேண்டும் என்றார். தகரக் கொட்டகை. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதன் மேலும் எத்தனையோ வருஷத்துக் கரி. ஃபிலிமில் ஐ.எஸ்.ஓ.வை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது, போட்டது போட்டதுதான். கூட வந்த இன்னொரு போட்டோகிராபர் மிஷினை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது.

நான் பேசாமல் ஒரு தூணில் சாய்ந்து, முழங்கையை வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். ஒவ்வொரு துண்டு கடைந்து முடிந்ததும் அவர் குனிந்து அளவு பார்ப்பார். அந்த நேரம் கல் மாதிரி நிற்பார். ஏழாவது துண்டில் அமுக்கினேன். புருவத்து மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த வீட்டு ஹாலில் இன்றைக்கும் அந்தப் படம் தொங்குகிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பெருமைக்குத்தான் சொன்னேன். ஆனால் இத்தனை பெருமையாகச் சொல்லித் திரிகிற விஷயம் அக்கா வீட்டில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மணலைக் கழுவினேன்

வியாழக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை ஷட்டரை இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கு ஓட்டினேன். முகம் கலங்கவில்லை. அதிசயமாக ஒரு படத்தில் கண்ணும் திறந்திருந்தது. ஆனால் மணலுக்குப் பயந்து ஐ.எஸ்.ஓ.வைப் போதுமான அளவு ஏற்றாமல் விட்டேன். படம் கறுப்பாக வந்தது. கம்ப்யூட்டரில் வெளுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அங்கேதான் தப்பு. கறுப்பாக எடுத்ததை அப்புறம் வெளுத்தால், இருட்டுக்குள் ஒளிந்திருந்த மணல் எல்லாம் மேலே கிளம்பி வரும். நேராக ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி எடுத்திருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது. அது போதாதென்று, அந்த வேகத்துக்கு டியூப்லைட்டின் துடிப்பு வேறு படத்தில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது.

உட்கார்ந்து கழுவினேன். மணலை எடுக்க கம்ப்யூட்டரில் ஒரு கோடு இருக்கிறது. அதை இழுக்க இழுக்க புள்ளி மறையும். கடைசி வரைக்கும் இழுத்தேன். முகம் பளிங்கு மாதிரி ஆனது. அடடா, என்ன கை நமக்கு என்று நானே மெச்சிக்கொண்டு, பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா கீறா. யாருடா இவ?"

"இன்னாக்கா, நீதான்."

"நானா? எங்கடா என் அம்மை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு. சின்னச் சின்னக் குழியாக, காது வரைக்கும். மிஷினுக்கு எது மணல், எது முகம் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஐஸ் உடைத்த நாளிலிருந்து பார்த்த முகம். தெரிந்தும் இழுத்தேன்.

"ஏழு வயசுல எங்க வூட்ல மூணு புள்ளைங்களுக்கு அம்மை போட்டுது ஐஸு. தம்பி போனான், அடுத்தவளும் போனா. நான் நின்னேன். இந்தக் குழி எல்லாம் நான் பொழைச்சதுக்கு ரசீது. அத்த அழிச்சிட்டு, இந்தா உம்மூஞ்சின்னு குடுக்கறியே."

கோபமாகச் சொல்லவில்லை. படத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் நான் போட்ட பிரிண்ட்டை ஒருவர் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலையில் மீன் வாங்க நானே துறைமுகத்துக்குப் போவது வழக்கம். அன்றைக்கு மனசு சரியில்லை, ஆனாலும் கால் போய்விட்டது. ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடையைச் சுற்றி ஒரே கூச்சல், தள்ளுமுள்ளு. வேடிக்கை பார்ப்பவன் ஆடுகிறான், கூடை சுமப்பவன் ஆடுகிறான். ஆனால் மீனை எடுக்கப் போகிற பெண்கள் மட்டும் ஆடவில்லை. 'ரெண்டு தரம்' சொல்லி 'மூணு தரம்' சொல்வதற்குள் இருக்கிற அந்த இடைவெளியில், ஏலம் விடுபவன் வாயையே பார்த்துக்கொண்டு, இமை தட்டாமல் நின்றார்கள். கண்ணைச் சிமிட்டினால் கூடை அடுத்தவளுக்குப் போய்விடும்.

பிலோமினா அக்கா நின்ற இடம் அது. எத்தனையோ விடிகாலை அவரை அங்கே அப்படிப் பார்த்திருக்கிறேன். பட்டறைப் பெரியவர் குனிந்து அளவு பார்த்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மீன் வாங்கவில்லை. திரும்பினேன்.

பத்து மணிக்கு அக்கா வீட்டில் இருந்தேன். முதலில் டியூப்லைட்டை அணைத்தேன். வாசலைத் திறந்து, அந்தோணியின் வெள்ளை வேட்டியை வாசல் அகலத்துக்குக் கட்டினேன். வெளிச்சம் உள்ளே வந்தது, சந்து வெளியே நின்றது. நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து, வேட்டிக்கு மூன்றடி தள்ளி, பக்கவாட்டில் போட்டேன். முகத்தின் மறுபக்கம் இருட்டாக இருந்தது. மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டியின் மூடியை அந்தோணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அந்த வெள்ளையில் பட்டு வெளிச்சம் திரும்பிக் கன்னத்தில் விழுந்தது. கவிச்சி அடித்தது, அதனால் என்ன, படத்தில் நாற்றம் வரப்போகிறதா?

லென்ஸை முழுக்கத் திறந்தேன். ஷட்டர் நூற்றி இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ.வை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன், வந்தால் வரட்டும் மணல். வாசல் பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். ஒரு தடவை அமுக்கினால் நாலு படம் தொடர்ந்து விழும்படி செய்துகொண்டேன்.

எல்லாம் சரி. அக்கா சரியில்லை. கட்டிலுக்குக் கீழே ஆஸ்பத்திரிப் பை கட்டி வைத்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை, ஆடவில்லை. இமை தாழ்ந்து கிடந்தது.

"வாணாம் ஐஸு. மனசு இல்ல. அந்த ஆதாரையே போட்டுக்கட்டும்."

நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஒரு கூடை வஞ்சிரம்! விடியக்கால எறங்குனது! செவுளு தூக்கிப் பாரு, ரத்தமா கீது! யாரு கேக்கறது?"

"டேய், பைத்தியம் புடிச்சிகிச்சா உனக்கு?"

"யாரு கேக்கறது, யாரு கேக்கறது!"

அந்தோணிக்குப் புரிந்துவிட்டது. மூடிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "ஆயிரம்!"

அக்கா விருட்டென்று நிமிர்ந்தார். "கூடை வஞ்சிரம் ஆயிரமா? வாயில வந்தத கேக்கறான் பாரு. நீயெல்லாம் எம்புள்ளயா? மூவாயிரம்!"

"மூவாயிரத்து ஐநூறு!" என்றான் அந்தோணி.

அக்கா எதிர் விலை கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். தொழில் தெரிந்தவர்கள் உடனே ஏற்றிக் கேட்க மாட்டார்கள்.

"ஒரு தரம்..."

என் வாயைப் பார்த்தார்.

"ரெண்டு தரம்..."

நின்றுவிட்டார். தலை நின்றது, கை நின்றது. கண் இரண்டும் அகலத் திறந்து என்னைப் பிடித்துக்கொண்டது. வேட்டி வழியாக வந்த வெளிச்சம் கன்னத்துக் குழி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்திருந்தது. அமுக்கினேன். நாலு படம். நாலாவது விழும்போது அக்காவின் வலது கை மேலே கிளம்பியது.

கேமராவை இறக்கினேன். "ஆச்சுக்கா."

"இன்னா ஆச்சு? நான் கை தூக்கிட்டேன். மூணு தரம் சொல்லு."

"படம் வந்துட்டுதுக்கா."

"படம் கெடக்குது. ஏலத்த தொறந்தா முடிச்சிட்டுதான் நகரணும். கூடைய அந்தரத்துல வுட்டுட்டு போவியா? எங்கடா வேல செஞ்ச நீ?"

அவர் சொன்னது நியாயம். எங்கள் கடற்கரையில் ஏலத்தைப் பாதியில் விடுகிறவனை மதிக்க மாட்டார்கள். ஆனால் மூணாவது தரத்தை நான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"பொழைச்சி வா. வந்ததும் சொல்றேன்."

"கய்தே," என்றார். சிரித்துவிட்டார்.

மணலோடு ஒரு முகம்

பிற்பகலில் நாலு படத்தையும் பெரிதாக்கினேன். மூன்றாவதில் எல்லாம் சுத்தம். நாலாவதில் முகம் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது, கை மட்டும் கலங்கியிருக்கிறது. பழைய நான் மூன்றாவதைத்தான் எடுத்திருப்பேன். நாலாவதை எடுத்தேன். பின்னாலிருந்த இருட்டுச் சுவரில் மட்டும் மணலைக் கொஞ்சம் துடைத்தேன். முகத்தை ஒரு புள்ளிகூடத் தொடவில்லை.

நாலு மணிக்குக் கொண்டுபோனபோது ஆட்டோ வந்து நின்றுவிட்டது. அக்கா படத்தை வாங்கிக் கன்னத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார், தன் கன்னத்தை அல்ல, படத்தின் கன்னத்தை.

"எல்லாம் கீது," என்றார். அப்புறம், "கைதான் கலீஜா கீது."

"ஏலம் கேட்ட கைக்கா."

"ம். இருந்துட்டு போவட்டும்."

அந்தோணியிடம் கொடுத்தார். "கார்டுக்கு இதான். ஆதார் படத்த வச்சே, மேலேர்ந்து எறங்கி வந்து ஒதைப்பேன்."

ஆட்டோ கிளம்பிவிட்டது. வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்து வந்தேன்.

திங்கள் போனது. செவ்வாயும் போனது. அந்தோணி போன் எடுக்கவில்லை. ஸ்டூடியோவில் இருந்தேனே தவிர, வேலை ஓடவில்லை.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விளக்கெல்லாம் போட்டு, கேமராவைக் கண்ணில் வைக்கும்போது போன் அடித்தது. அந்தோணி.

"அண்ணே, அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க."

கேமரா ஒரு கையிலேயே இருக்க, மறு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வாயில இருந்த குழாய இப்பதான் எடுத்தாங்க. மொதல்ல இன்னா கேட்டாங்க தெரியுமா? 'கூடை யாருக்குடா போச்சு?'ங்கறாங்க. நர்ஸு முழிக்குது."

"போனை அவங்க காதுல வை," என்றேன்.

வைத்தான். உள்ளே ஏதோ மிஷின் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருப்பது கேட்டது. நான் நிமிர்ந்து நின்று, துறைமுகத்தில் நிற்பதுபோல, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"மூணு தரம்! பிலோமினா அக்காவுக்கு!"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அதிர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். கேமரா பட்டனில் இருந்த என் விரல் அதே நேரம் அமுங்கிவிட்டது. அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.